அறிவித்தலில் இல்லாத பெயர்

காலை ஆறரை மணிச் செய்தி முடிந்ததும் ரேடியோவில் மரண அறிவித்தல் தொடங்கும். கிரெனடா தீவில் அந்தக் கால் மணி நேரம் யாரும் யாரோடும் பேசுவதில்லை. குழாயடியில் சண்டை போடுகிறவர்கள்கூடச் சற்று நிறுத்தி, யார் போனார் என்று கேட்டுவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். கிளெனிஸ் கேலிஸ்ட் தன் வெள்ளை வேனின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, முன்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். துணி ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"குவாவ் ஊரைச் சேர்ந்தவரும், 'மெதுவண்டி' என்று எல்லோராலும் அறியப்பட்டவரும், முன்னாள் பஸ் ஓட்டுநருமான ஆல்பன் மோடெஸ்ட் தமது எண்பத்து நான்காம் வயதில் இறைவனடி சேர்ந்தார்" என்று அறிவிப்பாளர் நிதானமாக வாசித்தார். இன்று பிற்பகல் ஒரு மணிக்குக் கோயிலில் பூசை, அதைத் தொடர்ந்து அடக்கம். பிறகு பட்டியல் ஆரம்பித்தது. மனைவி யூனிஸ். பிள்ளைகள் ஹாலிஸ், புரூக்ளினில் வசிக்கும் மெர்லின், டொராண்டோவில் வசிக்கும் கார்ல்டன். பதினொரு பேரப்பிள்ளைகள், ஒருவர் விடாமல். தம்பிகள், கொழுந்திகள், மருமக்கள், ஞானப்பிள்ளைகள். பக்கத்து வீட்டுக்காரர்கள். ரம் கடையில் அவரோடு டொமினோ ஆடும் நான்கு பேர். சந்தையில் கிழங்கு விற்கும் மிஸ் டோரா. கடைசியில், வழக்கம்போல, "எண்ணிக்கை மிகுதியால் பெயர் சொல்ல இயலாத ஏனைய உறவினர்களும் நண்பர்களும்."

அந்த ஏனையோரில்தான் அவருடைய மூத்த மகள் இருந்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.

ஐந்து நாளாக, நாளுக்கு மூன்று முறை, அவள் இதைக் கேட்டு வருகிறாள். முதல் நாள் மறந்திருப்பார்கள் என்று நினைத்தாள். இரண்டாம் நாள், யாராவது எடுத்துச் சொல்லித் திருத்துவார்கள் என்று நினைத்தாள். ஒரு பெயர்தானே, பட்டியலில் சொருக எவ்வளவு நேரமாகும். மூன்றாம் நாளோடு நினைப்பதை விட்டுவிட்டாள், ஆனால் கேட்பதை விட முடியவில்லை. இன்று அடக்கம். இனி மதியம் ஒரு தடவை வாசிப்பார்கள். அதோடு ஆல்பன் மோடெஸ்ட்டுக்கு இந்த உலகத்தில் யார் யார் சொந்தம் என்பது முடிவாகிவிடும்.

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஊர்ப் பேச்சில் வெளிப்பிள்ளை, கல்யாணத்துக்கு வெளியே பிறந்தவள். அம்மா அயாந்தே ஜாதிக்காய் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்து ஓடு நீக்கும் வேலை செய்தவள். ஆல்பன் அந்தக் காலத்தில் குவாவுக்கும் தலைநகருக்கும் நடுவே மரப்பலகை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். கிளெனிஸ் பிறந்து ஒரு வருடம் கழித்து அவர் யூனிஸைக் கல்யாணம் செய்துகொண்டார். அது யாருக்கும் ஆச்சரியமில்லை. யூனிஸுக்கு வீடு இருந்தது, கோயிலில் முன்வரிசை இருந்தது. அயாந்தேவுக்கு பெஞ்ச் இருந்தது.

ஆல்பன் மோசமான மனிதர் என்று சொல்லிவிட முடியாது. வெள்ளிக்கிழமைகளில் பின்வாசல் வழியாக மீன் வரும். தெருவில் பார்த்தால், "என்ன கேலிஸ்ட் பொண்ணு, அம்மா சௌக்கியமா?" என்பார், யாரோ ஒருத்தியைக் கேட்கிற மாதிரி. கேட்கிறவருக்கும் கேட்கப்படுகிறவளுக்கும் ஒரே அகன்ற நெற்றி, ஒரே பல் இடைவெளி. சுற்றி நிற்கிறவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். அவருடைய பஸ்ஸில் ஏறினால் அவளிடம் மட்டும் கட்டணம் வாங்கமாட்டார். கையை நீட்டினால் தலையை ஒரு பக்கம் சாய்த்து, உள்ளே போ என்பார். அதைத்தான் அவள் அப்பா என்று எடுத்துக்கொண்டாள். அதற்காகவே தேவையில்லாமல் பஸ்ஸில் ஏறி இறங்கிய நாட்கள் உண்டு. பிற்பாடு தானும் ஓட்டுநரானதற்கு ஆயிரம் காரணம் சொல்வாள். இதை மட்டும் சொல்லமாட்டாள்.

தவறு எல்லாம் யூனிஸ் மீது என்று சின்ன வயதிலேயே தீர்மானித்துவிட்டாள். ஒன்பது வயதில் ஒரு ஈஸ்டர் அன்று அம்மா கேக் செய்து அந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். யூனிஸ் வெளிக்கதவுக்கே வந்து வாங்கிக்கொண்டாள். உள்ளே போய்த் தட்டைக் கழுவித் திருப்பித் தந்து, "வெயிலா இருக்கு, சீக்கிரம் வீட்டுக்குப் போ" என்றாள். உள்ளே சாப்பாட்டு மேசையில் அப்பா இருமுவது கேட்டது. அவர் எழுந்து வந்திருப்பார், இவள்தான் வழியை மறித்தாள். கிளெனிஸ் அப்படித்தான் புரிந்துகொண்டாள், நாற்பத்தைந்து வருடமாக அந்தப் புரிதலை வைத்து வாழ்ந்து வருகிறாள்.

துறைமுகத்தில் அன்று இரண்டு சுற்றுலாக் கப்பல். ஒவ்வொன்றும் ஊரைவிட உயரம். மேடையின் முனையில், வேன்களுக்கு வரிசை பிரித்துக் கொடுக்கும் லெஸ்லி பப்டிஸ்ட் கையில் அட்டையோடு நின்றான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"நீ எதுக்கு வந்த?"

"வேலைக்கு. வேற எதுக்கு வருவாங்க?"

"இன்னிக்கு அடக்கம், கிளெனிஸ். உன் வரிசையில வேற ஆளைப் போட்டுக்கறேன். கறுப்புச் சட்டையப் போட்டுக்கிட்டு குவாவுக்குப் போ."

"போய்?"

"போயி நில்லு. யாரு உன்னைத் தடுக்கப் போறா?"

"ரேடியோவுல என் பேரு வந்துச்சா, லெஸ்லி?"

லெஸ்லி அட்டையைப் பார்த்தான்.

"மிஸ் டோரா பேரு வந்துச்சு" என்றாள் கிளெனிஸ். "கிழங்கு விக்கிற மிஸ் டோரா. நான் எண்ணிக்கை மிகுதியாம். எட்டுப் பேரைக் குடு, நான் கிளம்பறேன்."

அவன் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருந்தால் அவள் அழுதிருப்பாள், அது இருவருக்கும் தெரியும்.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. வழக்கமாக அவள் காலையிலேயே மேற்குக் கரை வழியாக குவாவுக்குப் போய், ஜாதிக்காய் நிலையத்தைக் காட்டிவிட்டு, பிற்பகலில் மலைக்குப் போவாள். அன்று இன்னொரு கப்பலின் பெரிய பஸ்கள் ஏழு, காலையிலேயே குவாவுக்குக் கிளம்பிவிட்டன. நெரிசலைத் தவிர்க்க லெஸ்லி மீதி வேன்களுக்குச் சுற்றை மாற்றிவிட்டான். முதலில் மலை, பிறகு கிழக்கே இறங்கி வடக்கைச் சுற்றி, மூன்று மணி வாக்கில் குவாவ், அங்கிருந்து கரையோரமாகத் துறைமுகம். நாலரைக்குள் எல்லோரும் கப்பலில் ஏறியாக வேண்டும். கிளெனிஸ் கணக்குப் போட்டாள். ஒரு மணிக்குப் பூசை என்றால் இரண்டே காலுக்குள் முடிந்து, இரண்டே முக்காலுக்குள் மண் மூடியிருக்கும். மூன்று மணிக்குத் தெரு காலியாக இருக்கும். யார் கண்ணிலும் படாமல் கடந்துவிடலாம்.

எட்டுப் பேரும் ஏறினார்கள். முன்னிருக்கையில் பாலின் என்ற இங்கிலாந்துப் பாட்டியம்மா, பெரிய வைக்கோல் தொப்பியோடு. அவளுக்குப் பின்னால் ஒரு கனேடியர், மணிக்கட்டில் தட்டு மாதிரி ஒரு கடிகாரம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதைப் பார்க்கும் வியாதி. கிளெனிஸ் அவருக்கு மனதுக்குள் கடிகாரக்காரர் என்று பெயர் வைத்தாள். மற்றவர்கள் இரண்டு ஜோடிகளும் தனியாக வந்த இருவரும். அவர்கள் படம் எடுப்பார்கள், சிரிப்பார்கள், தொந்தரவில்லை.

இருபத்திரண்டு வருடமாகச் சொல்வதைச் சொன்னாள். இது கொக்கோ மரம், இது ஜாதிக்காய், சிவப்பாக இருப்பது ஜாதிபத்திரி, இரண்டும் ஒரே காய்க்குள் இருக்கும். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள், நேற்று வந்தவர்களைப் போலவே. அருவியில் ஒரு உள்ளூர் ஆள் பாறையிலிருந்து குதித்துக் காட்டினான். மலை ஏரியில் மழை தூறியது, குரங்கு ஒன்று இறங்கி வந்து வாழைப்பழத்தை வாங்கித் தின்றுவிட்டு, நன்றி சொல்லாமல் போயிற்று. கிளெனிஸ் வேனுக்குப் பக்கத்தில் நின்று வலது முழங்காலை நீவிக்கொண்டாள். அவளுக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்தே ஓட்டுகிற வேலைதான், ஆனாலும் உட்கார வேண்டும் போல இருந்தது.

மதியம் கிழக்குக் கரையில் போய்க்கொண்டிருந்தபோது அறிவித்தல் வந்தது. அவள் ஒலியைக் கூட்டினாள். வேனுக்குள் இருந்தவர்கள் மரியாதைக்குப் பேச்சைக் குறைத்தார்கள். பெயர்கள் வரிசையாக வந்தன. ஹாலிஸ், மெர்லின், கார்ல்டன். கிளெனிஸின் வாய் அவளையறியாமல் கூடவே முணுமுணுத்தது, பாட்டு மனப்பாடமானவள் போல.

"இது என்னம்மா, தேர்தல் முடிவா?" என்று பாலின் கேட்டாள்.

"இல்லைங்க. ஒருத்தர் இறந்துட்டார். அவரோட சொந்தக்காரங்க பேரு."

"எல்லார் பேரையுமா சொல்லுவாங்க?"

"எல்லார் பேரையும்தான்."

"எவ்வளவு அழகான வழக்கம்" என்றாள் பாலின்.

கிளெனிஸ் ரேடியோவை அணைத்தாள். ஒரு வளைவு, இன்னொரு வளைவு, அதற்குள் பட்டியல் முடிந்திருந்தது. எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் எதிர்பார்த்திருக்கிறாள், கடைசி வாசிப்பு வரைக்கும், வெட்கமில்லாமல். அது தெரிந்தபோது அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

வடக்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஈரப்பலாவும் உப்பு இறைச்சியும் தேங்காய்ப் பாலில் வெந்தது கிடைத்தது. விருந்தாளிகள் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். அவளுக்கு இறங்கவில்லை. மழை ஒரு பாட்டம் கொட்டி ஓய்ந்தது. மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது குவாவின் முதல் வீடுகள் தெரிந்தன. தெரு திரும்பியது, கிளெனிஸ் பிரேக்கை மிதித்தாள்.

எதிரே தெருவை அடைத்துக்கொண்டு ஊர் முழுக்க நடந்து போய்க்கொண்டிருந்தது. கறுப்பு, வெள்ளை, கத்தரிப்பூ நிற உடுப்புகள், குடைகள், தொப்பிகள். அதற்கு அப்பால், நடைவேகத்தில், சவ வண்டியின் முதுகு.

நேரத்தையே பிழைப்பாக வைத்திருந்தவள் ஒன்றை மறந்துபோனாள். தன் ஊர்க்காரர்கள் கையில் மைக் கிடைத்தால் விடமாட்டார்கள். பூசை ஒன்றே கால் மணி நேரம்தான். அதற்குப் பிறகு செத்தவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல டொமினோ கூட்டத்திலிருந்து ஒருவர், பஸ் ஓட்டுநர் சங்கத்திலிருந்து ஒருவர், புரூக்ளினிலிருந்து வந்தவள், டொராண்டோவிலிருந்து வந்தவன். மிஸ் டோராகூடப் பேசியிருப்பாள். சுற்றுலாக்காரர்களுக்கு நிமிடம் பிசகாமல் வழி காட்டுகிறவள், இந்த ஊரில் எந்த அடக்கமும் சொன்ன நேரத்துக்கு முடிந்ததில்லை என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"என்ன ஊர்வலம்?" என்றார் கடிகாரக்காரர்.

"அடக்கம்."

"எவ்வளவு நேரமாகும்?"

"கல்லறை மேடு வரைக்கும் இப்படித்தான் போகும்."

"வலது பக்கம் இடம் இருக்கே. ஹார்ன் அடிச்சா ஒதுங்குவாங்க."

"இந்த ஊர்ல சவ வண்டியை யாரும் முந்த மாட்டாங்க, சார். ஆம்புலன்ஸ்கூட யோசிக்கும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வேன் ஊர்ந்தது. அப்பாவின் பிணத்துக்குப் பின்னால் எட்டு வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு, வண்டியை முதல் கியரில் போட்டுக்கொண்டு, கிளெனிஸ் அவருடைய அடக்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள். வரக்கூடாது என்று தானே போட்ட திட்டம்தான் கொண்டுவந்து விட்டது. சிரிப்பு வந்திருக்க வேண்டும். வேறொரு நாளாக இருந்தால் வந்திருக்கும்.

நடந்து போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேனை எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி பக்கத்தில் வந்தவளின் விலாவில் இடித்தாள். செய்தி முன்னால் போயிற்று, தலை தலையாகத் திரும்புவதிலிருந்து அது எங்கே போகிறது என்று பார்க்க முடிந்தது. கடைசியில் சவ வண்டிக்குப் பின்னால் முதல் வரிசைவரை போய்ச் சேர்ந்தது. அங்கே மேடு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு சலசலப்பு. யாரோ சரிந்தார்கள், இரண்டு பேர் தாங்கினார்கள். கூட்டம் விலகி வழிவிட, ஹாலிஸ் தன் தாயைத் தோளில் சாய்த்தபடி வேனை நோக்கி வந்தான்.

யூனிஸ் மோடெஸ்ட்டுக்கு எண்பது வயது. வெள்ளைக் கையுறை போட்டிருந்தாள். வேனின் இடதுபக்கக் கதவில் இரண்டு முறை தட்டினாள்.

"அம்மாவுக்கு முழங்கால் விட்டுப்போச்சு" என்றான் ஹாலிஸ். அவன் கிளெனிஸின் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்தான். "கார்லாம் கோயில்லயே நிக்குது. நடந்துதான் வருவேன்னு அடம் பிடிச்சாங்க. மேடு மட்டும் ஏத்திவிட்டா..."

"அவன் என்ன கேக்கறது, நான் கேக்கறேன்" என்றாள் யூனிஸ். "ஏத்திக்குவியா மாட்டியா?"

முடியாது என்று சொல்லும் ஆசை தொண்டைவரை வந்தது. ஆனால் பாலின் அதற்குள் தொப்பியை எடுத்துக்கொண்டு, "நான் பின்னால போறேன், நீங்க உட்காருங்க" என்று இறங்கிவிட்டாள். ஹாலிஸ் தாயைத் தூக்கி உட்கார வைத்தான். பிறகு சவ வண்டிக்குப் பின்னால் தன் இடத்துக்கு ஓடினான்.

வேன் நகர்ந்தது. இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர்ப்பேச்சில் வேகமாகப் பேசினால் அவர்களுக்கு விளங்காது என்பது கிளெனிஸுக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் கேட்டாள்.

"மிஸ் யூனிஸ், ஒரு பேரு. ஒரே ஒரு பேரு. அதை வெட்டி எடுத்து உங்களுக்கு என்ன கிடைச்சுது?"

"நான் வெட்டினேன்னு நெனச்சியா?"

"வேற யாரு?"

கிழவி கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். "அந்தப் பேப்பரு அவரு கைப்பட எழுதினது. பிப்ரவரியில, ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் எழுதி பைபிளுக்குள்ள வச்சாரு. யாரு யாரு பேரைப் படிக்கணும், எந்த வரிசையில படிக்கணும், எல்லாம். டொமினோ ஆடுற தடியனுங்க பேரு வரைக்கும்."

கிளெனிஸ் முன்னால் நடந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டாள்.

"ஹாலிஸ் கேட்டான், சேத்துடலாமான்னு. செத்தவன் எழுதினதுக்கு மேல நான் எழுத மாட்டேன்னு சொன்னேன். அப்படித்தான் என்னை வளத்தாங்க. அது தப்புன்னா தப்புதான், என்னைத் திட்டிக்க."

"அவருக்கு மறந்திருக்கும்."

"மறக்கல. எழுதி முடிச்சு எனக்குப் படிச்சுக் காட்டினாரு. ஆல்பன், அந்தப் பொண்ணு பேரு எங்கன்னு நானே கேட்டேன். அவளுக்குத் தெரியும்னாரு."

"அப்படின்னா?"

"அவளுக்குத் தெரியும். அவ்வளவுதான் சொன்னாரு. மூக்குக்கண்ணாடியக் கழட்டி வச்சுட்டுப் படுத்துட்டாரு."

மேடு செங்குத்தாயிற்று. கிளெனிஸ் கியரை மாற்றப் போனாள், கிளட்ச் பிசகி வண்டி ஒரு முறை குலுங்கியது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் வண்டி அப்படிக் குலுங்கியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இந்தக் கிழவி மேல் ஆண்டாண்டாகச் சேர்த்து வைத்த கோபம், திடீரென்று போக்கிடம் இல்லாமல் நின்றது. அப்பா மேல் கோபப்பட அவளுக்குப் பழக்கமில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. அவரே எழுதினார். எல்லோரையும் நினைத்து, வரிசைப்படுத்தி, இவளை நினைத்து, விட்டுவிட்டார்.

"நான் நல்லவ இல்ல" என்றாள் யூனிஸ், சாலையைப் பார்த்துக்கொண்டே. "உன்னை வீட்டுக்குள்ள கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல. அது என்னோட பாவம். இது என்னோடது இல்ல. அவரு பாவத்தையும் நான் சுமக்க மாட்டேன், எனக்கு முழங்கால் சரியில்ல."

கல்லறைத் தோட்டத்தின் வாசலில் சவ வண்டி நின்றது. கிளெனிஸ் ஓரமாக நிறுத்தினாள். மணி மூன்றே கால். இங்கிருந்து துறைமுகத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். யூனிஸ் இறங்க முயன்று, முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னாலிருந்து பாலின் மெதுவாகக் கேட்டாள்.

"மன்னிக்கணும்மா. இறந்தது உங்க வீட்டுக்காரரா?"

யூனிஸ் திரும்பி அந்த எட்டு முகங்களையும் ஒரு பார்வை பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே கோயில் பெண்கள் நாலைந்து பேர் அவளை இறக்கிவிடக் காத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி, வெளிநாட்டுக்காரருக்கும் விளங்கும்படி சொன்னாள்.

"இவளோட அப்பா."

வெளியே நின்ற பெண்களில் ஒருத்தி வானத்தைப் பார்த்தாள். மற்றவர்கள் பார்க்கவில்லை. கிளெனிஸ் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதிலிருந்து கேட்க ஆசைப்பட்ட இரண்டு சொல், கேட்க ஆசைப்படாத வாயிலிருந்து வந்திருந்தது. சந்தோஷம் வரவில்லை. அலுப்புதான் வந்தது, காலையிலிருந்து முழங்காலில் இருந்த அலுப்பு நெஞ்சுக்கு ஏறியது போல. கண்ணிலிருந்து தண்ணீர் தானாக இறங்கியது, அவள் துடைக்கவில்லை.

"உங்க அப்பாவா?" என்றார் கடிகாரக்காரர். "அப்பா அடக்கத்தன்னிக்கு எங்களைக் கூட்டிக்கிட்டுக் குரங்கு காட்டினீங்களா?"

"குரங்கு நல்லாதானே இருந்துச்சு" என்றாள் கிளெனிஸ்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இந்த முறை நன்றாக, உதடு அசையக் கணக்குப் போட்டார். "இருபது நிமிஷம் தாங்கும். தாராளமா இருபது நிமிஷம். போயிட்டு வாங்க."

யூனிஸை அவள்தான் இறக்கினாள். இறக்கிய கையை யூனிஸ் விடவில்லை. மழையில் நனைந்த மேட்டில், கறுப்பும் வெள்ளையுமாக நின்ற கூட்டத்தின் நடுவே, ஆரஞ்சு நிற வேலைச் சட்டையும் ரப்பர் செருப்புமாக, கிழவியைத் தாங்கிக்கொண்டு கிளெனிஸ் நடந்தாள். ஆட்கள் விலகினார்கள். மிஸ் டோரா மட்டும் மூக்கைச் சிந்தி, "வந்துட்டியா" என்றாள், காலையிலிருந்தே எதிர்பார்த்துக்கொண்டிருந்தவள் போல.

பெட்டி இறங்கியது. பாதிரியார் ஜெபம் சொல்லி முடித்ததும் உபதேசியார் கையை உயர்த்தினார். "பிள்ளைங்க முன்னால வாங்க. மூத்தவங்க முதல்ல."

ஹாலிஸ் ஒரு அடி எடுத்து வைத்தான். பிறகு நின்று தாயைப் பார்த்தான். யூனிஸ் கிளெனிஸின் கையை விட்டாள். அவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருந்த கை அது, விட்டதும் குளிர்ந்தது.

"என்ன நிக்கற?" என்றாள் யூனிஸ். "ஊரே காத்துக்கிட்டு நிக்குது."

கோயில் பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். கிளெனிஸ் குனிந்தாள், முழங்கால் வலித்தது. மண் ஈரமாகக் கட்டிபட்டிருந்தது. மற்ற அடக்கங்களில் பிள்ளைகள் மண்ணை எப்படிப் போடுவார்கள் என்று அவள் பார்த்திருக்கிறாள், விரல்களுக்கு நடுவே விட்டு, தூங்குகிறவரை எழுப்பக்கூடாது என்பது போல. அவள் அப்படிப் போடவில்லை. எறிந்தாள். கட்டி மண் பலகையில் விழுந்த சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு அடி தவறவிட்டார்கள்.

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் குழியைப் பார்த்து. அவரை அப்படி அழைப்பது அதுதான் முதல் தடவை. "நீ சொல்லியிருக்கணும்."

பிறகு கையை வேலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தம்பிக்கு இடம் விட்டு விலகி நின்றாள்.